வெள்ளிக்கிழமையில் கொடுக்கக் கூடாதது

மாட்டின் வாயில் குழாய் விடுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. விட்ட குழாயை மாடு கடித்துத் துப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. ஜீப் ஓட்டுகிறவரும் மாடு பிடிக்கிறவருமான மாரப்பன், பசுவின் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடுவில் ஓட்டை போட்ட மரக்கட்டையை அதன் வாய்க்குக் குறுக்கே பிடித்திருந்தார். இளவேனில் அந்த ஓட்டை வழியே ரப்பர் குழாயை மெல்ல உள்ளே தள்ளினாள். பசு கண்ணை உருட்டியது. ஒரு முறை செருமி அவள் முகத்தில் எச்சிலைத் தெளித்தது. குழாய் முதல் வயிற்றுக்குள் போய் நின்றதும் கைப்பம்பை அழுத்தினாள். எச்சில் கலந்து முதலில் வந்த நுரையைக் கீழே ஊற்றிவிட்டு, பிறகு வந்த பச்சைச் சாற்றை நாலாக மடித்த மல் துணியில் வடித்தாள். புளித்த மாவும் அழுகிய புல்லும் சேர்ந்த அந்த வாடை இப்போதெல்லாம் அவள் மூக்குக்குத் தெரிவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போகும்போதுதான் தெரியும்.

மாடுகள் கட்டியிருந்த கட்டுத்தரையின் மறு கோடியில் சண்முகப்பிரியா காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடு விடும் மீத்தேன் வாலுக்கடியில் போகிறது என்று நினைத்து ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். போவது பெரும்பாலும் ஏப்பத்தில், வாய்வழியாக. அதைப் பிடிக்க மாட்டின் கழுத்தில் காற்றை உறிஞ்சிக் காலியாக்கிய ஒரு குடுவையை மாலை மாதிரி மாட்டி, அதிலிருந்து மெல்லிய குழாயை மூக்கு ஓரத்தில் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க மாடு விடும் மூச்சைக் குடுவை துளித்துளியாக உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கழற்றி எடுத்துவந்தால் போதும். கையில் அழுக்குப் படாது. மாடுகளும் பிரியாவைக் கண்டால் கழுத்தை நீட்டிக் கொடுத்தன. கொடுக்காமல் என்ன செய்யும்? வெள்ளகோவில் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டமும், மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடும், மாடுகளும் அவள் அத்தை வீட்டுச் சொத்து. ஒவ்வொரு லீவுக்கும் வந்து அவள் தடவிக்கொடுத்து வளர்ந்த மாடுகள்.

இளவேனிலுக்குப் பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பிரியாவின் அப்பா காரில் கொண்டுவந்து விடுவது, தலைமை விஞ்ஞானி வெங்கடபதி அவளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா சௌக்கியமா என்று விசாரிப்பது, கூட்டங்களில் அவள் வாயில் இங்கிலீஷ் தடுக்காமல் வருவது, எத்தனை மாடு தொட்டாலும் அவள் கையில் சோப்பு வாசமே வீசுவது எல்லாமே இவள் வயிற்றில் போய் உட்கார்ந்து புளித்தன. அவள் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். அக்கா அக்கா என்று சுற்றி வந்தாள். பலகாரம் கொண்டுவந்தால் முதலில் இவளிடம்தான் டப்பாவை நீட்டினாள். அப்படிப்பட்டவள் மேல் பொறாமைப்படுவது இரட்டைத் தண்டனை.

இருவரும் கோயம்புத்தூரை அடுத்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக ஆய்வாளர்கள். கொறங்காட்டு வெள்வேலங்காயைத் தின்கிற மாடு குறைவாக மீத்தேன் விடுகிறதா, விட்டால் வயிற்றிலுள்ள எந்த நுண்ணுயிர் குறைந்ததால் அப்படி ஆகிறது என்பது ஆய்வு. காற்று பிரியாவின் பொறுப்பு, கிருமி இளவேனிலின் பொறுப்பு. இந்த மாதத்தோடு திட்டம் முடிகிறது. அடுத்த கட்டத்துக்கு ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். அவர் அதிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால் பிரியாவுக்கு வேறு ஊர் இருக்கிறது, வேறு நாடுகூட இருக்கிறது. இளவேனிலுக்குச் சோமனூரிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு சாயப்பட்டறையில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை இருந்தது. அதற்கு வரச் சொல்லி ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

வடித்த சாற்றை அவள் சிவப்பு மூடி போட்ட ஸ்டீல் பிளாஸ்கில் ஊற்றினாள். சூடு ஆறினாலோ காற்றுப் பட்டாலோ அதிலுள்ள உயிர்கள் லேபுக்குப் போவதற்குள் செத்துவிடும். நிலையத்து பிளாஸ்கின் உள் கண்ணாடி உடைந்து வெகு நாளாகிறது. புதிது கேட்டு எழுதிக்கொடுத்தது எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. இது வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவள் அம்மா மாசாணியம்மாள் சோமனூரில் ஒரு தறிக்குடோனில் நூல்தார் சுற்றுகிறாள். அங்கே டீ கொண்டுபோன பிளாஸ்க், ஒரு முறை கைதவறி விழுந்து அடியில் நசுங்கியது. மாட்டு வயிற்றில் இருப்பதை ஊற்றிய பிறகு அதில் எவள் டீ குடிப்பாள் என்று அம்மா அங்கலாய்த்தாள். மறுநாளே கழுவித் துடைத்து, அவள் பையில் எடுத்து வைத்தவளும் அம்மாதான்.

பிரியாவின் அத்தை சாமியாத்தாள் மரியாதை தெரிந்தவள். தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணையும் வாங்க போங்க என்றுதான் பேசுவாள். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டாள். சோமனூர் என்றதும் முகம் மலர்ந்து, அங்கே தனக்கும் சொந்தம் உண்டென்று சொல்லி, எந்தப் பக்கம் என்று கேட்டாள். இளவேனில் தெருவின் பெயரைச் சொன்னாள். அதற்குமேல் சாமியாத்தாள் எதுவும் கேட்கவில்லை. பேச்சில் ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிரியா உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தாள். இளவேனிலுக்கும் மாரப்பனுக்கும் காபி கட்டுத்தரைக்கே வந்துவிட்டது.

கடைசிச் சாம்பிள் வெள்ளிக்கிழமை எடுப்பதாக அமைந்தது. காற்றுப் பிடிக்கும் குடுவைகள் வேறொரு நிலையத்திலிருந்து இரவலாக வந்தவை. சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரே நாளில் எடுத்த காற்றும் சாறும் ஜோடியாக இருந்தால்தான் ஆய்வு செல்லும். மாடுகள் வெள்வேலங்காய் தின்னத் தொடங்கிப் பழகி முடித்த பிறகு எடுக்கும் சாம்பிள் இது. இதுவரை எடுத்ததெல்லாம் இதோடு ஒப்பிடத்தான்.

மாரப்பன் கட்டையைக் கையில் எடுத்த நேரத்தில் சாமியாத்தாள் வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் சொட்டியது, முகத்தில் மஞ்சள்.

“ஏனுங் கண்ணு, இன்னைக்கு என்ன கெழமைன்னு பாக்கலீங்களா?” என்றாள்.

இளவேனில் கையில் குழாயோடு நின்றாள்.

“வெள்ளிக்கெழமையில கட்டுத்தரையில இருந்து பாலோ சாணியோ ஒண்ணும் வெளிய குடுக்கறதில்லீங்க. வயித்துல இருக்கறதயே உருவிக் குடுத்துப்போட்டா அப்பறம் ஊட்டுல என்னங் கண்ணு தங்கும்? நாளைக்கு வந்து எத்தன வேணுமோ எடுத்துக்கங்க.”

நாளைக்கு எடுத்தால் ஜோடி சேராது என்பதை இளவேனில் தன்னால் முடிந்த தமிழில் விளக்கினாள். சாமியாத்தாள் தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆமாங்க, ஆனாலும் வெள்ளிக்கிழமையாச்சுங்களே என்றாள். பின்னால் பிரியா குடுவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இளவேனில் அந்தப் பக்கம் பார்த்ததைச் சாமியாத்தாளும் பார்த்தாள்.

“அது வெறுங் காத்துத்தானுங்களே. காத்து போனாப் போகட்டும்.”

பிரியாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தையிடம் சொல் என்று கேட்டால் அவள் மாட்டேன் என்றிருக்க மாட்டாள். மாரப்பன்கூடக் காதோரம் வந்து, பாப்பாகிட்ட ஒருக்காச் சொல்லிப் பாருங்களேன் என்று முணுமுணுத்தார். இளவேனில் பிரியா இருந்த பக்கம் திரும்பவில்லை. காற்றும் அவளுடையது, மாடும் அவளுடையது, இப்போது என் வேலையையும் அவள் சிபாரிசில் வாங்க வேண்டுமா என்று இருந்தது. குழாயைச் சுருட்டினாள். ஜீப்பில் ஏறி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி வைத்திருந்த பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அது ஆற ஆறத் தன் மூன்று வருட வேலையும் ஆறுகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள்.

சிறிது நேரத்தில் பிரியா ஜீப்புக்கு வந்தாள். விவரம் யார் சொன்னார்களோ, கையை நீட்டி, “குடுங்கக்கா” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் பிளாஸ்கையும் குழாயையும் பம்பையும் எடுத்துக்கொண்டு போனாள். மாரப்பன் கட்டையோடு பின்னால் ஓடினார். கட்டுத்தரைப் பக்கமிருந்து அத்தையும் மருமகளும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது பிரியாவின் மஞ்சள் சுடிதாரில் முழங்கால் வரை பச்சைச் சாறு. அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“அத்தகிட்டச் சொல்லிப்போட்டேன்க்கா. ஊட்டுப் புள்ள எடுத்தாக் குடுத்ததாகாதாமா. மொத நொரைய ஊத்திப்போட்டுத்தான் புடிச்சேன், நீங்க செய்யறாப்பலயே.”

அப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்தவளே இளவேனில்தான். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. “சரி” என்றாள்.

பல்லடம் வருவதற்குள் பிரியா தூங்கிவிட்டாள். தலை ஒவ்வொரு குழியிலும் ஆடி இளவேனிலின் தோளில் வந்து இடித்தது. பிளாஸ்க் மடியில் வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் திறந்து சும்மா வைத்திருந்தால் போதும், காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும். காற்றுக்கு ஜோடி இருக்காது, பிரியாவின் குடுவைகளும் குப்பைக்குப் போகும். யாருக்கும் தெரியாது. இளவேனில் மூடியில் கைவைத்தாள். அரைத் திருகு திருகினாள். வாடை மெல்ல எழுந்தது. கண்ணாடி வழியே மாரப்பன் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் பார்த்தது பின்னால் ஹாரன் அடித்த லாரியை. உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான உயிர்கள் அவளுக்கு என்ன தீங்கு செய்தன? காற்றே படாத இருட்டில்தான் அவை வாழும். மூன்று வருடமாக அந்த இருட்டை அவற்றுக்கு லேபில் உண்டாக்கிக் கொடுத்து வந்தவள் அவள். மூடியை இறுக்கித் துப்பட்டாவில் பிளாஸ்கைச் சுற்றி, நிலையம் வந்து சேரும்வரை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

செய்யக் கூடாத அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. ஆனால் வேறொன்றைச் செய்தாள். சாற்றைச் சிறு குழாய்களில் பிரித்து அடைத்து, ஒவ்வொன்றிலும் ஒட்டும் வெள்ளைப் பட்டியில் சேகரித்தவர் பெயரை எழுத வேண்டும். இத்தனை நாளும் தன் பெயரை எழுதியவள், அன்று பேனாவை அழுத்தி சண்முகப்பிரியா என்று எழுதினாள். உன் தயவில் வந்ததை உன் பெயரிலேயே வைத்துக்கொள் என்கிற வீம்பு. எல்லாக் குழாயிலும் எழுதி முடித்தபோது நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

அந்தச் சாற்றிலிருந்த கிருமிகள் லேபில் அருமையாக வளர்ந்தன. அதுவரை எடுத்த எந்தச் சாம்பிளும் அப்படி வளர்ந்ததில்லை. மீத்தேனை உண்டாக்கும் இனங்கள் மட்டும் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. பிரியாவின் குடுவைகளில் மீத்தேனும் அதே அளவுக்கு இறங்கியிருந்தது. இளவேனில் மறுபடியும் செய்து பார்த்தாள், மாறவில்லை. ஓடிப்போய் முதலில் சொன்னது பிரியாவிடம்தான். சொல்ல வேறு யாரும் லேபில் இல்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அந்த நேரம் பொறாமை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

கூட்டத்தில் அது திரும்பி வந்தது. வெங்கடபதி திரையில் குழாய்களின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பட்டியில் இருந்த பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. முக்கியமான அந்த நாளில் காற்றையும் சாற்றையும் பிரியா ஒருவரே எடுத்திருக்கிறார் என்று சொல்லி, மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். பிரியா எழுந்து, இல்லீங் சார், அக்கா எடுக்க வேண்டியது, அன்னைக்கு ஒரு நாள்தான் நான் என்று சொல்லப் பார்த்தாள். பெரிய இடத்துப் பெண்ணுக்கு இத்தனை அடக்கமா என்பதுபோல் அவர் சிரித்தார். பிறகு இளவேனில் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு நீங்க தோட்டத்துக்குப் போகலீங்களா?”

வெள்ளிக்கிழமை கதையைச் சொல்லலாம். பிரியாவை வைத்துக்கொண்டு, இவள் அத்தை என்னைத் தொடவிடவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெயரை எழுதிய கதையையும் சொல்ல வேண்டிவரும். பொறாமையில் புழுங்குகிறாள் என்று நாலு பேர் நினைப்பார்கள். நினைப்பது பொய்யும் அல்ல.

“போனேனுங் சார். ஜீப்புல இருந்தேன்.”

யாரோ சிரித்தார்கள்.

யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவைத் தெரிவிக்க வெங்கடபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. லேப் வேலையில் அவளுக்கு ஈடு இல்லை என்று சொல்லி, எங்கே கேட்டாலும் நல்லபடியாக எழுதித் தருவதாகவும் சொன்னார். அவள் வாசல்வரை போனதும், மனசு கேட்காமல் இன்னொன்றையும் சொன்னார்.

“அடுத்த கட்டமும் அதே தோட்டத்துலதானுங்க. பிரியா இருந்தா எந்தக் கெழமையும் வேலை நடக்கும். அதையும் நான் பாக்கோணுமில்லீங்க?”

ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதற்குள் ஆய்வைப் பற்றி எழுதப் பேப்பர்காரர்கள் வந்து போயிருந்தார்கள். தோட்டத்தில் மாட்டோடு பிரியாவை நிற்கவைத்து எடுத்தார்கள். அறிவியல் மாதிரி ஏதாவது கையில் இருக்கட்டும் என்றானாம் படம் எடுத்தவன். குடுவைகள் திரும்பிப் போய்விட்டதால் ஜீப்பில் கிடந்த பிளாஸ்கை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். படம் நன்றாக வந்திருந்தது. பசு அவள் தோளை நக்க, அவள் சிவப்பு மூடி பிளாஸ்கை மார்போடு பிடித்துச் சிரித்தாள். அதைப் பெரிதாக அச்சிட்டு நிலையத்தின் கேட்டருகே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இளவேனில் காலையும் மாலையும் அதைக் கடந்துதான் போய்வந்தாள். அம்மாவிடம் படத்தைக் காட்டவில்லை.

கடைசி நாளும் வெள்ளிக்கிழமையாக வந்து தொலைத்தது. உறைபெட்டியின் சாவி, வளர்ப்புக் குழாய்கள் நிற்கும் தாங்கிகள், எந்த உயிருக்கு எப்போது தீனி வைக்க வேண்டும் என்கிற விவரம் எல்லாவற்றையும் அவள் மேஜைமேல் எடுத்துவைத்தாள். பிரியா பக்கத்தில் நின்றாள், கண் சிவந்திருந்தது. சாவியை எடுத்து நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமாக் கையில இருக்கறத எல்லாம் குடுத்துட்டுப் போகாதீங்கக்கா. உங்களுக்குத்தான் ஆகாது. நாளைக்கு வாங்கிக்கறனே.”

அவள் உண்மையாகவே அப்படி நினைத்தாள். இளவேனிலின் வீட்டில் லட்சுமி தங்க வேண்டுமே என்ற கவலை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இவ்வளவு நல்லவளாக இருக்க அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று இளவேனிலுக்கு மறுபடியும் எரிந்தது.

“நாளைக்கு எனக்கு இங்க வேலையில்ல கண்ணு” என்று சொல்லி, பின்னால் கட்டியிருந்த கையை இழுத்துச் சாவியை அதில் வைத்து மூடினாள்.

பிளாஸ்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெந்நீர் ஊற்றி அலசி முகர்ந்து பார்த்தாள். இனி அம்மா டீ கொண்டுபோகலாம். பையில் சாப்பாட்டு டப்பாவோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

காவலுக்கு இருந்த பாலுசாமி தினமும் குட்மார்னிங் சொல்கிறவர். வேலை முடிந்து போகிறவர்களின் பையைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு என்றார். சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. இளவேனில் பையைத் திறந்து காட்டினாள். அவர் டப்பாவை ஒதுக்கிவிட்டு பிளாஸ்கை வெளியே எடுத்தார். சிவப்பு மூடியைப் பார்த்தார், அடியில் இருந்த நசுங்கலைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அறிவிப்புப் பலகையைப் பார்த்தார்.

“ஏனுங் அம்மணி, இது பிரியா மேடத்தோடதாச்சேங்க? போட்டோவுல இருக்குதுங்களே.”

“எங்கம்மாளுதுங்க.”

“இருக்குமுங்க, இருக்குமுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க.”

அவர் பிளாஸ்கைத் தன் மேஜைமேல், படத்துக்கு நேர் கீழே வைத்தார். போனை எடுத்து உள்ளே லேபுக்கு எண்ணை அழுத்தினார். மணி போகும் சத்தம் ரிசீவரிலிருந்து மெல்லக் கேட்டது. வெளியே சோமனூர் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பாலுசாமி ரிசீவரைக் காதில் இடுக்கியபடி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துத் தோள் துண்டால் தட்டி அவள் பக்கம் நகர்த்தினார்.

“நின்னுட்டே இருக்காதீங்க அம்மணி, உக்காருங்க. மேடம் ஒரு வார்த்த சரின்னு சொல்லிட்டாப் போதும், நீங்க கொண்டுட்டுப் போயர்லாங்க.”